பழைய உறுப்பினர் கோப்பைப் புதிய கட்டமைப்புக்கு மாற்றும் முறை

பினாங்கில் மரண சகாய நிதிச் சங்கம், ஆலய நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று எதை எடுத்தாலும், அலுவலகக் கணினியின் ஏதோ ஒரு மூலையில் பழைய டிபிஎஃப் கோப்பு ஒன்று இருக்க வாய்ப்புண்டு. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருள்களில் தட்டி வைத்த உறுப்பினர் பட்டியல் அது. பெயருக்கு 30 எழுத்து, அடையாள அட்டைக்கு 8, முகவரிக்கு மூன்று வரி, வீட்டுத் தொலைபேசிக்கு 7 என்று அன்றைய தேவைக்கு அளந்து போட்டிருப்பார்கள். இன்றைக்கு 12 இலக்க ஐசி (அடையாள அட்டை) எண் வேண்டும், கைப்பேசி வேண்டும், போஸ்கோட் (அஞ்சல் குறியீடு) தனியாக வேண்டும், வாரிசின் பெயரும் வேண்டும். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒதுக்கும் இடத்தைப் புலம் என்பார்கள். இந்தப் புதிய புலங்களோடு வேறொரு கோப்பை உருவாக்கி, பழைய பதிவுகளை அதில் கொட்டுவதுதான் வேலை.

கொட்டுவது ஒரே ஒரு கட்டளை. ஆனால் அந்தக் கட்டளை வாய் திறக்காது. பெயர் பொருந்தாத புலத்தை அப்படியே விட்டுவிடும், இடம் போதாத எழுத்துகளை வெட்டிவிடும், கடைசியில் ‘இத்தனை பதிவுகள் சேர்க்கப்பட்டன’ என்று மட்டும் காட்டும். அதனால் உழைப்பெல்லாம் கொட்டுவதற்கு முன்னும் பின்னும்தான்.

கீழே கட்டளைகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எடுத்துக்காட்டுக்குப் பழைய கோப்பின் பெயர் ‘ஆஹ்லி’, புதியது ‘ஆஹ்லிபாரு’. புலங்களுக்கு மலாய்ப் பெயர் வைப்பது இங்கே வழக்கம் என்பதால் நாமா (பெயர்), நோஆஹ்லி (உறுப்பினர் எண்), ஐசி, அலாமத்1 (முகவரி), டெல் (தொலைபேசி), யூரான் (சந்தா), தாரிக் (தேதி) என்றே வைத்துக்கொள்வோம்.

பழைய கோப்பிலேயே மாற்றிவிடலாமே?

‘மாடிஃபை ஸ்ட்ரக்சர்’ கட்டளை இருக்கிறது. அதுவும் உள்ளுக்குள் புதுக்கோப்பு ஒன்றை உருவாக்கி, பதிவுகளை அதில் கொட்டி, பழையதை பேக்கப் பெயரில் ஒதுக்குகிறது. ஒரே தடவையில் ஒரு புலத்தின் பெயரையும் அகலத்தையும் சேர்த்து மாற்றினால், எந்தப் பழைய புலம் எந்தப் புதிய புலத்துக்குப் போகவேண்டும் என்று அதற்குத் தெரியாமல் போகிறது. அந்தப் புலம் வெறுமையாக நிற்கும். நடுவில் மின்சாரம் போனாலோ டிஸ்கில் இடம் தீர்ந்தாலோ கையில் இருப்பது பாதிக் கோப்பு. இதே வேலையை நீங்களே படிப்படியாகச் செய்தால், கடைசிவரை பழைய கோப்பு தொடப்படாமல் இருக்கும்.

முதலில் நகல், பிறகு மூன்று எண்கள்

பதிவு செய்யும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கோப்பை எல்லாக் கணினிகளிலும் மூடுங்கள். முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். டிபிஎஃப் மட்டும் போதாது. குறிப்புப் புலம், அதாவது மெமோ, இருந்தால் அதன் எழுத்தெல்லாம் டிபிடி அல்லது எஃப்பிடி என்று முடியும் பக்கத்துக் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு டிபிஎஃப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனால் கோப்பே திறக்காது.

இனி எண்ணிக்கை.

யூஸ் ஆஹ்லி எக்ஸ்க்ளூசிவ்
செட் டிலீட்டட் ஆஃப்
கவுண்ட்
கவுண்ட் ஃபார் டிலீட்டட்()
சம் யூரான் ஃபார் நாட் டிலீட்டட்()

டிபிஎஃப்பில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே போவதில்லை. பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ செய்யும்வரை அந்தப் பதிவு கோப்பிலேயே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் பேக் செய்யாத கோப்பில் இறந்தவர்களும் விலகியவர்களும் அப்படித்தான் கிடக்கிறார்கள். மொத்தம் 1,846, அழிப்புக் குறியிட்டவை 97 என்று வந்தால், உயிரோடிருக்கும் பதிவுகள் 1,749. இந்த மூன்றையும் சந்தாவின் கூட்டுத்தொகையையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டாம் வரியில் உள்ள ‘செட் டிலீட்டட் ஆஃப்’ இல்லாமல் எண்ணினால், அமைப்பைப் பொறுத்து அழிந்தவை கணக்கில் வராமலே போகும். பிறகு எந்த எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அழிப்புக் குறி புதிய கோப்புக்குக் கூடவே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அழிந்த பதிவு சேர்க்கப்பட்டால், அங்கே அது குறியில்லாத நல்ல பதிவாக நிற்கும். விலகிப்போனவருக்குச் சந்தா நினைவூட்டுக் கடிதம் போவது இப்படித்தான். அதனால் உயிருள்ளவற்றை மட்டும் முதலில் தனியே பிரித்து எடுங்கள்:

காப்பி டு ஹிடுப் ஃபார் நாட் டிலீட்டட்()

இனி மூலக்கோப்பு ‘ஹிடுப்’. அழிந்த 97 பேரின் பட்டியலையும் வேறொரு கோப்பாக எடுத்து வைப்பது நல்லது. மரண சகாய நிதியில் பழைய கோரிக்கை ஒன்று எழுந்தால் தேட வேண்டியிருக்கும்.

அகலத்தை அளப்பது

புதிய புலத்துக்கு எத்தனை எழுத்து என்று ஊகிக்க வேண்டாம். கோப்பையே கேளுங்கள்:

கால்குலேட் மேக்ஸ்(லென்(ஆல்டிரிம்(நாமா)))

30 எழுத்துப் புலத்தில் விடை 30 என்றே வந்தால், 30 போதும் என்று அதற்கு அர்த்தமில்லை. தட்டும்போதே பெயர்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். புலத்தை முழுக்க நிரப்பியிருக்கும் பெயர்களைத் தனியே பட்டியலிடுங்கள்:

லிஸ்ட் நோஆஹ்லி, நாமா ஃபார் லென்(ஆல்டிரிம்(நாமா)) = 30

‘பாலசுப்பிரமணியம் ஏ/எல் கிருஷ்ணசாமி’ போன்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 30க்குள் அடங்காது. கடைசி ஓரிரு எழுத்து இல்லாமல் நிற்கும். புதிய புலத்தை 60 ஆக்கினாலும் போன எழுத்து தானாகத் திரும்பாது. இந்தப் பட்டியலை அச்செடுத்து, உறுப்பினர் விண்ணப்பத் தாளோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்தவேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் வாரிசுக்குக் காசோலை எழுதும் நாளில் இந்த ஓரிரு எழுத்துதான் வழக்காகும்.

எழுத்துப் புலத்துக்கு உச்ச வரம்பு 254. எண் புலத்தில் புள்ளியும் ஓரிடம் எடுத்துக்கொள்ளும். அகலம் 6, தசமம் 2 என்றால் 999.99 ரிங்கிட் வரைதான். அதற்கு மேல் போனால் தசமம் வெட்டுப்படலாம், அப்படியும் இடம் போதாவிட்டால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும்.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண் இல்லை

ஐசி, தொலைபேசி, போஸ்கோட் மூன்றையும் எழுத்துப் புலமாகவே வையுங்கள். எண் புலம் முன்னால் நிற்கும் சுழியத்தைத் தின்றுவிடும். 2005இல் பிறந்த பிள்ளையின் ஐசி 05 என்று தொடங்கும், அது 11 இலக்கமாகச் சுருங்கும். ஜார்ஜ்டவுனின் போஸ்கோட்டுகள் 10இல் தொடங்குவதால் பினாங்கில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தத் தவறு கண்ணில் படாது. கூலிமுக்குக் குடிபோன உறுப்பினரின் 09000, அலோர் ஸ்டாரில் இருப்பவரின் 05000 வரும்போதுதான் தெரியும். பட்டியலை இடையில் எக்செலில் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்தாலும் இதே கதிதான். 12 இலக்க ஐசியை அது 8.00101இ+11 என்பதுபோல் காட்டும், அந்தக் கோலத்திலேயே சேமித்தும் விடும்.

புதிய கட்டமைப்பு

பழைய அமைப்பையே ஓர் அட்டவணையாக வெளியே எடுத்து, அதில் வரிகளைக் கூட்டி, அதிலிருந்து புதுக்கோப்பைப் பிறப்பிப்பதுதான் நம்பகமான வழி.

யூஸ் ஹிடுப்
காப்பி ஸ்ட்ரக்சர் எக்ஸ்டெண்டட் டு ஸ்ட்ருக்
யூஸ் ஸ்ட்ருக்
பிரவுஸ்

ஒவ்வொரு பழைய புலமும் ஒரு வரியாகத் தெரியும். பெயர், வகை, அகலம், தசமம் என்று நான்கு பத்திகள் முக்கியம். விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் இன்னும் பல பத்திகள் வரும், அவற்றை அப்படியே விட்டுவிடலாம். நாமாவின் அகலத்தை 60 ஆக்குங்கள். பிறகு ‘அப்பெண்ட் பிளாங்க்’ போட்டுப் புதிய வரிகள்: ஐசிபாரு (புதிய ஐசி) எழுத்து 12, எச்பி (கைப்பேசி) எழுத்து 12, போஸ்கோட் எழுத்து 5, ஜந்தினா (பாலினம்) எழுத்து 1, வாரிஸ் எழுத்து 60, தாரிக்2 தேதி 8, செமாக் தேதி 8. தனிக்கோப்பில் புலப்பெயர் ஆங்கில எழுத்தில் 10க்கு மேல் போகக்கூடாது, இடைவெளியும் கூடாது.

கடைசியாகச் சொன்ன ‘செமாக்’ புலத்தை விட்டுவிடாதீர்கள். அந்த உறுப்பினரின் விவரத்தை யாராவது நேரில் கேட்டுச் சரிபார்த்த தேதி அதில் விழவேண்டும். அது இல்லாவிட்டால், கைப்பேசிப் புலம் வெறுமையாக இருக்கும்போது ‘இவரிடம் கைப்பேசி இல்லை’ என்பதா, ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதா என்று யாருக்கும் தெரியாது.

பழைய புலங்களின் பெயரில் கைவைக்காதீர்கள். ‘ஐசி’ பிடிக்கவில்லை, ‘ஐசிலாமா’ என்று இருந்தால் அழகு என்று தோன்றும். கொட்டும்போது பெயரை வைத்துத்தான் புலங்கள் பொருத்தப்படுகின்றன. பெயர் மாறினால் அந்தப் பத்தி முழுவதும் வெறுமையாக வரும், ஒரு எச்சரிக்கையும் வராது. முதலில் கொட்டுங்கள், சரிபாருங்கள், பெயர் மாற்றத்தை வேறொரு நாள் தனியே செய்யுங்கள். வகை மாற்றமும் அப்படியே. தேதி எழுத்தாக இருந்தால் எழுத்தாகவே வரட்டும். தேதிப் புலமாக ‘தாரிக்2’ பக்கத்தில் காத்திருக்கும்.

கிரியேட் ஆஹ்லிபாரு ஃப்ரம் ஸ்ட்ருக்

கொட்டுவது

முழுப் பட்டியலையும் உடனே கொட்டாமல் ஓர் ஒத்திகை பாருங்கள். முதல் 20 பதிவுகள் என்று எடுத்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், ஒன்றும் பிடிபடாது. தொல்லையான 20ஐத் தேர்ந்தெடுங்கள்: மிக நீளமான பெயர், ஐசி இல்லாதவர், இரண்டு பெயர் உள்ளவர், மெமோவில் நீண்ட குறிப்புள்ளவர், சந்தா அதிகம் கட்டியவர். அவை சரியாக வந்தால், திறந்த கோப்பின் எல்லாப் பதிவுகளையும் ஒரேயடியாக அழிக்கும் ‘ஸாப்’ கட்டளையால் ஒத்திகைப் பதிவுகளை நீக்கிவிட்டு முழுவதும்:

யூஸ் ஆஹ்லிபாரு எக்ஸ்க்ளூசிவ்
அப்பெண்ட் ஃப்ரம் ஹிடுப்

‘ஸாப்’ செய்யும்முன் எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். அது திரும்ப வராது.

இண்டெக்ஸ், அதாவது பதிவுகளை வரிசைப்படுத்திக் காட்டும் துணைக்கோப்பு, எதுவும் இப்போது திறந்திருக்கக் கூடாது. பழைய இண்டெக்ஸ் கோப்பைப் புதிய டிபிஎஃப்புக்குப் பெயர்மாற்றி ஒட்டுவது பெரிய பிழை. இண்டெக்ஸ் பதிவு எண்ணை வைத்து வழிகாட்டுகிறது. அழிந்த 97 பேர் நீங்கியதும் பதிவு எண்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. 412ஆம் பதிவைக் கேட்டால் வேறொருவர் வந்து நிற்பார்.

புதிய புலங்களை நிரப்புவது

ஐசியில் தொடங்குங்கள். பழைய புலத்தில் 7 இலக்க எண், முன்னால் எழுத்து போட்ட எண், கோடு போட்டது, போடாதது என்று எல்லாம் கலந்திருக்கும். இங்கே 12 இலக்க முறை 1990இல் வந்தது. அதற்கு முந்தைய எண்ணிலிருந்து புதிய எண்ணைக் கணக்கிட வழியே இல்லை, உறுப்பினரைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். ஐசி புலம் அகலமாக இருந்து, 12 இலக்கம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் மட்டும், கோடுகளை நீக்கி மாற்றுங்கள்:

ரிப்ளேஸ் ஆல் ஐசிபாரு வித் சிஹெச்ஆர்டிரான்(ஐசி, "- ", "") ஃபார் லென்(சிஹெச்ஆர்டிரான்(ஐசி, "- ", "")) = 12

‘ஆல்’ என்பதோ ‘ஃபார்’ நிபந்தனையோ இல்லாவிட்டால் நின்றுகொண்டிருக்கும் ஒரே பதிவு மட்டும் மாறும். இண்டெக்ஸ் வரிசை இயங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த இண்டெக்ஸின் புலத்தையே ரிப்ளேஸ் செய்தால் பதிவு வரிசையில் இடம் மாறும், இடையிலுள்ள பதிவுகள் தாண்டிப்போகப்படும். ‘செட் ஆர்டர் டு 0’ போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

12 இலக்க எண் தன்னைத் தானே சோதிக்க உதவும். முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள். 3, 4ஆம் இலக்கங்கள் 12ஐத் தாண்டினால் தட்டச்சுப் பிழை. அடுத்த இரண்டும் பிறந்த இடம்: பினாங்கு 07, பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சுழியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும், ஒன்றுக்குப் பதில் சிறிய ‘எல்’ எழுத்தையும் தட்டியிருப்பார்கள். டைப்ரைட்டரில் பழகியவர்கள் கை அப்படித்தான் போகும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது.

நம் பெயர்களில் இன்னொரு சோதனை இயல்பாகவே இருக்கிறது. ‘ஏ/எல்’ என்றால் மகன், ‘ஏ/பி’ என்றால் மகள். இரு பக்கமும் இடைவெளி வைத்துத் தேடி ஜந்தினா புலத்தை நிரப்புங்கள். பழைய பதிவுகளில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருக்கும், பினாங்கு இந்திய முஸ்லிம் உறுப்பினர்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ என்று இருக்கும். நான்கு ஐந்து ரிப்ளேஸ் ஆகும், பரவாயில்லை. பிறகு ஜந்தினாவையும் ஐசியின் கடைசி இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். முரண்படும் பதிவுகளில் பெயரோ ஐசியோ ஏதோ ஒன்று தவறு. கணவர் எண்ணை மனைவியின் பதிவில் தட்டியது பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

ஆனால் தகப்பனார் பெயரைத் தனிப்புலமாகப் பிரித்தாலும் முழுப்பெயரை அழிக்காதீர்கள். ‘முனியாண்டி @ ராஜு ஏ/எல் இராமசாமி’ என்ற பதிவை எந்தச் சூத்திரத்தால் வெட்டினாலும் எங்கோ தவறும். அடையாள அட்டையில் இருப்பது முழுப்பெயர், வங்கி கேட்பதும் அதுதான்.

தேதியில் கவனம் வேண்டும். ஃபாக்ஸ்புரோ இயல்பில் அமெரிக்க முறையில் படிக்கும், மாதம் முதலில். முதலில் இவற்றைத் தட்டாமல் மாற்றக்கூடாது:

செட் டேட் பிரிட்டிஷ்
செட் செஞ்சுரி ஆன்
செட் செஞ்சுரி டு 19 ரோல்ஓவர் 50
ரிப்ளேஸ் ஆல் தாரிக்2 வித் சிடிஓடி(தாரிக்)

விட்டுவிட்டால் 25/07/1998 வெறுமையாகும், 03/07/1998 மார்ச் 7 ஆகும். வெறுமையானவை கண்ணில் படும், மாறிப்போனவை படாது. அதனால் வெற்றுத் தேதிகளைக் கண்டால் அவற்றை மட்டும் திருத்தி நிறுத்தாதீர்கள். முழுப் பத்தியையும் துடைத்துவிட்டு மறுபடி மாற்றுங்கள்.

முகவரியை இன்று முழுதாகச் சீராக்க முயல வேண்டாம். ஒரே வீடு ஒரு பதிவில் ‘பிட் ஸ்திரீட்’, இன்னொன்றில் ‘ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்’ என்று இருக்கும். ‘கிரீன் லேன்’, ‘ஜாலான் மஸ்ஜித் நெகிரி’ இரண்டும் ஒன்றே. கடைசி வரியில் தொடர்ந்து ஐந்து இலக்கம் இருந்தால் அதைப் போஸ்கோட்டுக்கு எடுங்கள், மிச்சம் கிடக்கட்டும். கைப்பேசி 01 என்று தொடங்கும், 10 அல்லது 11 இலக்கம். 04 என்று தொடங்குவது டெல் புலத்திலேயே இருக்கட்டும்.

தமிழில் தட்டிய பெயர்கள் இருந்தால்

முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களின் பழைய 8-பிட் எழுத்துருவில் தட்டிய தமிழ், டிபிஎஃப்பில் வெறும் லத்தீன் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டு கோப்புகளின் கோட்பேஜ் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) வேறுபட்டால், கொட்டும்போது ஃபாக்ஸ்புரோ குறிகளை ‘மொழிபெயர்த்து’ எழுத்தைக் குலைத்துவிடும். சிபிடிபிஎஃப்() கட்டளையால் இரண்டும் ஒன்றா என்று பார்த்தபின் கொட்டுங்கள். யூனிகோடு தமிழை ஃபாக்ஸ்புரோவுக்குள் வைக்க முயல வேண்டாம். யுடிஎஃப்-8இல் ‘கி’ ஒன்றே 6 பைட். 30 அகலப் புலத்தில் ஐந்து எழுத்தோடு முடிந்துவிடும், வெட்டும் இடத்தில் கடைசி எழுத்தும் உடையும். தமிழ்ப் பெயர் அவசியம் என்றால் ஆக்செஸ் போன்ற யூனிகோடு அறிந்த தளத்துக்குப் போவதே முறை.

ஆக்செஸில் வேலை எளிது. பழைய அட்டவணையை நகலெடுத்து ஒட்டும்போது ‘ஸ்ட்ரக்சர் ஒன்லி’ தேர்ந்து, புதிய புலங்களைச் சேர்த்து, அப்பெண்ட் குவெரியால் கொட்டலாம். இங்கே பெயர் மாறினாலும் எது எதற்கு என்று நீங்களே காட்டலாம், பழைய உறுப்பினர் எண்ணை ஆட்டோநம்பர் புலத்துக்குள்ளும் செலுத்தலாம். மேக்-டேபிள் குவெரி வேண்டாம், பிரைமரி கீயும் இண்டெக்ஸும் அதில் வராது. எல்லாப் பதிவுகளையும் சேர்க்க முடியவில்லை என்று ஒரு செய்தி வந்து, வகை மாற்றத் தோல்வி இத்தனை, கீ மீறல் இத்தனை என்று எண்ணிக்கை காட்டினால் ‘யெஸ்’ அழுத்தாதீர்கள். கீ மீறல் என்பது பெரும்பாலும் ஒரே உறுப்பினர் எண் இருவருக்கு இருப்பதுதான். தந்தை மறைந்தபின் மகன் அதே எண்ணில் தொடர்ந்திருக்கலாம். அது நிர்வாகம் முடிவெடுக்க வேண்டிய விஷயம், கணினி முடிவெடுக்கக் கூடாது.

சரிபார்ப்பு

தாளை எடுங்கள். புதிய கோப்பில் எண்ணிக்கை 1,749 வரவேண்டும், சந்தாக் கூட்டுத்தொகை சென் வரை ஒத்துப்போகவேண்டும். இரண்டும் சரி என்றால் பதிவுகள் வந்துவிட்டன. உள்ளடக்கம் சரியாக வந்ததா என்பது வேறு கேள்வி. ‘ஹிடுப்’பில் உறுப்பினர் எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டு, அந்த எண்ணை வைத்து இரு கோப்புகளையும் ‘செட் ரிலேஷன்’ மூலம் இணைத்து, பெயர் வேறுபடும் பதிவுகளை எண்ணுங்கள். புலங்களின் அகலம் வேறு என்பதால் இரு பக்கமும் ஆல்டிரிம் போட்டு, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடவேண்டும். கையால் திருத்திய பெயர்கள் மட்டுமே வேறுபட வேண்டும். அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது புதிய கோப்புக்கு இண்டெக்ஸை உருவாக்குங்கள்: உறுப்பினர் எண், பெயர், ஐசி. பழைய கோப்பை ரீட்-ஒன்லி ஆக்கி, ஒரு முழுச் சந்தா ஆண்டு வரையாவது வைத்திருங்கள். ஐசி எண்கள் நிறைந்த நகல்கள் பென்டிரைவில் அலையக்கூடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டி, எத்தனை நகல், யாரிடம் என்று குறித்து வையுங்கள். ஸ்ட்ருக், ஹிடுப், ஒத்திகைக் கோப்புகளை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஒருவர் ‘ஹிடுப்’பைத் திறந்து அதில் பதிவு செய்யத் தொடங்குவார்.

மிச்சம் இருப்பது, நகல் எடுத்த நேரத்துக்கும் புதிய கோப்பு மேசைக்கு வந்த நேரத்துக்கும் இடையில் எழுதிய ரசீதுகள். நகல் எடுத்தபோது கடைசி ரசீது எண் எது என்பதையும் அதே தாளில் குறித்திருந்தால், அதற்கு அடுத்த எண்ணிலிருந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, ஒவ்வொன்றாகப் புதிய கோப்பில் ஏற்றுங்கள்.